மணிச்சத்தைத் தேடிச் செல்லும் வேர்

சங்கத்தில் கடனுக்குப் பெற்ற சூப்பர் பாஸ்பேட்டைச் செம்மண் நிலத்தில் இட்டுவிட்டு, பயிர் அதனை உண்ணும் என்று காத்திருக்கும் அன்பர்கள் ஒன்றை அறிதல் நலம். இட்ட மணிச்சத்தில் முதற்போகப் பயிருக்குக் கிட்டுவது பெரும்பாலும் நூற்றுக்கு 10 முதல் 25 பங்கே. மீதம் எங்கும் ஓடிவிடவில்லை. செம்மண்ணின் நிறத்திற்குக் காரணமான இரும்போடு பிணைந்து நிலத்திலேயே கிடக்கிறது. நாம் கொடுத்த பணம் நம் காலடியிலேயே பூட்டப்பட்டிருக்கிறது எனலாம்.

தழைச்சத்து நீரில் கரைந்து வேரை நாடி வரும். மணிச்சத்து அவ்வாறு எளிதில் நகர்வதில்லை. வேரைச் சுற்றி இரண்டொரு மில்லிமீட்டர் தூரத்தில் உள்ளது தீர்ந்துவிட்டால், வேர்தான் அப்பால் செல்லவேண்டும். ஆகவே சத்துக் குறைவை உணர்ந்த பயிர், தண்டும் இலையும் வளர்வதைக் குறைத்துக்கொண்டு, இலையில் ஆக்கிய சர்க்கரையை வேருக்கு அனுப்புகிறது. வேர்த்தூவிகள் நீண்டு அடர்கின்றன. வேரோடு கூடி வாழும் ஒருவகைப் பூசணம் தன் இழைகளைப் பல சென்டிமீட்டர் தூரம் செலுத்திச் சத்தைக் கொணர்ந்து தந்து, கூலியாகச் சர்க்கரை பெறுகிறது. நம் நெசவாளரின் கூரிய கண்ணுக்கும் அகப்படாத மெல்லிழை அது!

இவையெல்லாம் எட்டாத சத்தை எட்டும் வழிகள். பூட்டியதைத் திறக்கும் வித்தையோ துவரைக்குத் தெரியும். ஹைதராபாத்தை அடுத்த பட்டான்செருவிலுள்ள இக்ரிசாட் ஆராய்ச்சி நிலையத்தில் நோரிஹாரு ஏ என்னும் ஜப்பானிய விஞ்ஞானியும் அவர்தம் குழுவினரும் இதனை ஆராய்ந்து, 1990-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டனர். மணிச்சத்து இடாத செம்மண்ணில் சோளம் முதலிய பயிர்கள் நலிய, துவரை வளர்ந்தது. கரிசலில் துவரைக்கு அத்தகைய மேன்மை இல்லை. அங்கே மணிச்சத்து பெரிதும் சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்துள்ளது. துவரை வேரினின்று கசியும் பிசிடிக் அமிலம் இரும்பைப் பற்றிக்கொள்ள, மணிச்சத்து விடுபட்டு வேருக்குள் செல்கிறது.

சோளத்தோடு துவரையை ஊடுபயிராகவோ மாற்றுப்பயிராகவோ விதைப்பது நம் முன்னோர் கண்ட முறை. அதன் நன்மைக்குப் பல காரணங்கள் உண்டு, இதுவும் ஒன்று. ஆயினும் துவரை மணிச்சத்தைப் படைப்பதில்லை. இருப்பிலிருந்து எடுக்கிறது, அவ்வளவே. பருப்பாக விற்றுப் போகும் சத்தை என்றேனும் எருவாலோ உரத்தாலோ ஈடு செய்தே தீரவேண்டும்.

துவரை மாரை வேரோடு பிடுங்கி அடுப்பெரிப்பது பல ஊர்களில் வழக்கம். அடியில் அறுத்து வேரை மண்ணிலேயே விட்டால், அது மக்கும்போது அரும்பாடுபட்டு எடுத்த சத்தில் ஒரு பங்கு அடுத்த பயிருக்குக் கிட்டும்.