பழைய வால்வு ஆம்ப்ளிபையர் வாங்குகிறீர்களா? முதலில் வோல்ட்டைப் பாருங்கள்

சுங்கைப்பட்டாணி: தாத்தா வீட்டு வானொலிக்குள் சிவப்பாக மினுங்கிய வால்வு நினைவிருக்கிறதா? அதே கண்ணாடிக் குழாய்தான் கித்தார் கலைஞர்கள் இன்றும் விரும்பும் வால்வு ஆம்ப்ளிபையரின் உயிர்.

1961இல் சிங்கப்பூர் வந்து வாசித்த 'தி ஷாடோஸ்' குழுவினர் பயன்படுத்திய வோக்ஸ் ஏசி30 இந்த வகைதான். பின்னர் மலாயாவில் பரவிய 'பாப் யே யே' இசைக்கு அக்குழு ஒரு தூண்டுகோல்.

மெதுவாக மீட்டினால் ஒலி தெளிவாக வரும். அழுத்தி மீட்டினால் இதமாகக் கரகரக்கும். விரலுக்கு ஏற்பப் பேசும் இந்தக் குணமே இதன் சிறப்பு.

பழையதை வாங்குவோர் கவனிக்க வேண்டியவை:

• அமெரிக்காவில் விற்கப்பட்டவை பெரும்பாலும் 120 வோல்ட்டுக்கானவை. நம் வீட்டு மின்சாரம் அதைப்போல் இரு மடங்கு. நேராகச் செருகினால் கருகிவிடலாம். மின்னழுத்தத்தைக் குறைக்கும் டிரான்ஸ்பார்மர் தேவை.

• ஸ்பீக்கரை இணைக்காமல் வாசிக்காதீர்கள். உள்ளிருக்கும் டிரான்ஸ்பார்மர் பழுதாகலாம்.

• திருவிழா மேடை முடிந்ததும் சூடு ஆறிய பிறகே வேனில் ஏற்றுங்கள். சூடான வால்வு குலுங்கினால் எளிதில் கெடும்.

• பிளக்கைப் பிடுங்கிய பின்னும் உள்ளே நூற்றுக்கணக்கான வோல்ட் தேங்கியிருக்கும். தொட்டால் உயிரே போகலாம்.

தேய்ந்த வால்வுக்கு மாற்று இன்றும் கிடைக்கிறது. ஆனால், பெட்டியைத் திறக்கும் வேலையைத் தொழில் தெரிந்தவரிடமே விடுங்கள்.