தோனி அவுட்டானதும் சர்வருக்கு ஏன் சுமை கூடியது?

2019 ஜூலை 10, உலகக் கோப்பை அரையிறுதி. தோனி ரன் அவுட் ஆனபோது ஹாட்ஸ்டாரில் சுமார் 2.5 கோடி பேர் லைவ் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவுட்டானதும் கூட்டம் மளமளவெனக் கலைந்தது. சர்வருக்கு ரிலாக்ஸ்தானே? அதுதான் இல்லை. எல்லோரும் 'பேக்' பட்டனைத் தட்ட, மொத்தக் கூட்டமும் ஹோம் பேஜ் சர்வர்கள்மேல் போய் விழுந்தது.

தேவைக்கேற்ப சர்வர் தானாகவே கூடுமே என்று கேட்கலாம். கூடும், ஆனால் லேட்டாக. தீபாவளி லீவு முடிந்து சென்னை கிளம்பும் கூட்டம் அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டில் நிரம்பிய பிறகு டிரைவரைத் தேடினால் எப்படி? அதனால்தான் ஹாட்ஸ்டார், பார்வையாளர் எண்ணிக்கையைக் கணித்து முன்கூட்டியே சர்வர்களைக் கூட்டி வைத்தது.

இன்று பல ஆப்கள் 'கன்டெய்னர்' எனும் பெட்டிகளாகப் பிரிந்து, பல சர்வர்கள் சேர்ந்த 'கிளஸ்டரில்' ஓடுகின்றன. எந்தப் பெட்டி எந்த சர்வருக்கு என்பதை முடிவு செய்வது குபர்நெட்டீஸ். ஆனால் ஒவ்வொரு பெட்டிக்கும் எவ்வளவு மெமரி, சிபியு வேண்டும் என்பதை டெவலப்பர்தான் எழுதித் தர வேண்டும். சிக்கலே இங்கேதான். பயத்தில் 4 ஜிபி கேட்டுவிட்டு 1 ஜிபி மட்டும் பயன்படுத்தினால், மீதி 3 ஜிபி ரிசர்வ் செய்த காலி சீட் மாதிரி. கிளவுட் பில்தான் ஏறும். வரம்பைக் குறைத்து வைத்தால்? சிபியு பற்றாவிட்டால் ஆப் மெதுவாகும், அவ்வளவுதான். மெமரி வரம்பைத் தாண்டினால் கன்டெய்னரே நிறுத்தப்படும்.

எனவே மேட்ச் முடிந்தும் வேலை இருக்கிறது. கேட்டது எவ்வளவு, செலவானது எவ்வளவு என்று ஒப்பிட வேண்டும். சராசரியை நம்பினால் ஏமாற்றம்தான். நாள் முழுக்க 20 சதவீதத்தில் ஓடும் ஆப், டாஸ் போடும் 5 நிமிடத்தில் 95-ஐத் தொட்டிருக்கலாம். அடுத்த மேட்ச்சுக்கான கணக்கை அந்த 5 நிமிடத்தை வைத்துத்தான் போட வேண்டும்.