புதிய ஆம்ப்ளிஃபையர்களின் வருகை: பழைய உயர்ரக ஆடியோ சாதனங்களின் மதிப்பு குறைகிறதா?

கொள்ளேகால்: கர்நாடகத்தின் கொள்ளேகால் போன்ற சிறு நகரங்களில் வசிக்கும் இசை ஆர்வலர்கள், உயர்ரக ஒலியைக் குறைந்த செலவில் பெறப் பழைய ஆம்ப்ளிஃபையர்களைத் தேடுவது வழக்கம். அந்தக் கணக்கை 'கிளாஸ் டி' தொழில்நுட்பம் மாற்றி வருகிறது.

பழைய 'கிளாஸ் ஏபி' சாதனங்களில் மின்சாரத்தின் கணிசமான பகுதி வெப்பமாக வீணாகிறது. அதனால் பெரிய டிரான்ஸ்ஃபார்மர், ஹீட் சிங்க் ஆகியவை தேவைப்படுகின்றன; எடை 20 கிலோவைத் தாண்டுவதும் உண்டு. கிளாஸ் டி-யில் டிரான்சிஸ்டர்கள் விநாடிக்குப் பல லட்சம் முறை சுவிட்ச் போலச் செயல்படுவதால், மின்திறன் 90 சதவீதம் வரை எட்டுகிறது.

1950-களிலேயே அறியப்பட்ட இம்முறை, நீண்டகாலம் ஒலித்தரத்தில் பின்தங்கியிருந்தது. பெல்ஜியப் பொறியாளர் புரூனோ புட்சீஸின் 'யுசிடி', 'என்கோர்' வடிவமைப்புகள் ஒலிச்சிதைவை வெகுவாகக் குறைத்தன.

கையடக்கச் சாதனமே போதிய வாட் திறனை அளிப்பதால், எடையையும் வாட் அளவையும் மட்டுமே காட்டிப் பழைய ஆம்ப்ளிஃபையருக்கு அதிக விலை கேட்பது கடினமாகிறது. எனினும், தனித்தனிப் பாகங்களால் ஆன பழைய சாதனங்களைப் பல ஆண்டுகளுக்குப் பின்னரும் பழுதுபார்க்க இயலும். கிளாஸ் டி-யில் பெரும்பாலும் முழுப் பலகையையே மாற்ற நேரிடும்.

பழைய சாதனம் வாங்குவோர் கெப்பாசிட்டர்களின் நிலை, இரைச்சல் ஆகியவற்றைச் சோதித்து, பழுதுபார்ப்பு மற்றும் போக்குவரத்துச் செலவையும் சேர்த்துப் புதியதன் விலையுடன் ஒப்பிடுவது நல்லது.