நடுவர் இல்லாத மேசை

நுழையும் முன்

விளையாட்டு என்றதும் பரந்த திடல் நினைவுக்கு வரும். இடம் குறுகிய மாநகரில் ஒரு மேசையும் ஒரு வலையுமே திடலாகிவிடுகின்றன. அம்மேசையைப் பலரும் பகிர்ந்து ஆடுவதற்குத் துணைநிற்பவை விதிகள். மேசைப்பந்தின் அடிப்படை விதிகளையும் அவை தோன்றிய காரணங்களையும் இப்பாடம் விளக்குகிறது.

பொது மேசை

மும்பையின் கிழக்குப் பகுதியில், ஹார்பர் ரயில் தடத்தில் அமைந்துள்ளது மான்குர்த். அதற்கு அப்பால் தானே கடற்கழியும் வாஷிப் பாலமும் உள்ளன. நகரின் பல பகுதிகளிலிருந்து குடியமர்த்தப்பட்ட குடும்பங்கள் வாழும் அடுக்குமாடிக் கட்டடங்கள் இங்கு நெருங்கி நிற்கின்றன. தமிழ், மராத்தி, இந்தி, உருது ஆகிய மொழிகள் ஒரே மாடிப்படியில் ஒலிப்பதைக் கேட்கலாம். கிரிக்கெட் ஆட இடம் தேடுவது இங்குள்ள சிறுவர்களுக்கு அன்றாடப் பாடு.

இத்தகைய நெருக்கமான நகருக்குப் பொருந்திய விளையாட்டு மேசைப்பந்து. குடியிருப்பின் பொதுக்கூடம், பள்ளியின் விளையாட்டு அறை, மனமகிழ் மன்றம் என எங்கேனும் ஒரு மேசை போடப்பட்டிருக்கும். பெரும்பாலும் மேசை ஒன்று; காத்திருப்போர் பலர். சிறுவரும் பெரியவரும் கலந்து ஆடுவர். மேசைப்பந்து அரங்கில் நடுவர் அமர்ந்திருப்பார். பொது மேசைக்கு நடுவர் இல்லை. ஆடுவோரே நடுவராகவும் இருக்க வேண்டும். எனவே இங்கு விதி தெரிந்திருப்பது இன்றியமையாதது. விதி தெரியாதவர் தமக்குரிய புள்ளியையும் இழப்பர். தமக்குரிய முறையையும் இழப்பர்.

பெயர் வந்த விதம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் இவ்விளையாட்டு தோன்றியது. இரவு உணவுக்குப் பின் உணவு மேசையையே ஆடுகளமாக்கிச் செல்வர்கள் பொழுது போக்கினர். பந்து மட்டையில் படும்போதும் மேசையில் படும்போதும் எழுந்த ஓசையே 'பிங்பாங்' என்னும் பெயருக்குக் காரணமாயிற்று.

1926-இல் அனைத்துலக மேசைப்பந்துக் கூட்டமைப்பு நிறுவப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில் இலண்டனில் நடந்த போட்டி, ஐரோப்பியப் போட்டி என்றே திட்டமிடப்பட்டது. இந்திய வீரர்களும் அதில் கலந்துகொண்டமையால் அது உலகப் போட்டி என்று பெயர் பெற்றது. 1988-இல் சியோல் நகரில் மேசைப்பந்து ஒலிம்பிக்கில் இடம்பெற்றது.

மும்பைக்கு வந்த ஓசையற்ற மட்டை

மேசைப்பந்து வரலாற்றில் மும்பைக்குத் தனி இடம் உண்டு. 1952 பிப்ரவரியில் உலகப் போட்டி முதன்முறையாக ஆசியாவில் நடைபெற்றது. சர்ச்கேட் ரயில் நிலையத்திற்கு அருகிலுள்ள பிரபோர்ன் அரங்கமே அதற்குக் களம். ஜப்பான் பங்கேற்ற முதல் உலகப் போட்டியும் அதுவே.

அப்போட்டிக்கு ஹிரோஜி சாட்டோ என்னும் ஜப்பானிய வீரர் புதுவகை மட்டை ஒன்றுடன் வந்தார். ஏனையோரின் மட்டைகளில் புள்ளி புள்ளியான மெல்லிய ரப்பர் ஒட்டப்பட்டிருந்தது. அவருடைய மட்டையிலோ தடித்த ஸ்பாஞ்சு இருந்தது. பழைய மட்டையில் பந்து பட்டால் 'டொக்' என்னும் ஓசை கேட்கும். அவ்வோசையைக் கொண்டே பந்து வரும் வேகத்தை எதிராளி ஓரளவு கணித்துவிடுவார். ஸ்பாஞ்சு மட்டையில் பந்து பட்டபோது ஓசை எழவில்லை. பந்து விரைந்து பாய்ந்தது. பெரும் வீரர்களும் தடுமாறினர். இறுதியாட்டத்தில் ஹங்கேரி வீரரை வென்று சாட்டோ உலக வாகையர் ஆனார்.

சாட்டோ எந்த விதியையும் மீறவில்லை. மட்டை எப்படி இருக்க வேண்டும் என்று வரையறுக்கும் விதி அப்போது இல்லை. 1959-இல் மட்டைக்கு வரையறை வந்தது. ஸ்பாஞ்சும் ரப்பரும் சேர்ந்து 4 மில்லிமீட்டருக்கு மேல் தடித்திருக்கக் கூடாது என்று கூட்டமைப்பு விதித்தது. ஒருவர் பக்கம் சாய்ந்த தராசை நேராக்குவதற்கே புதிய விதி பிறக்கிறது என்பதற்கு மும்பைப் போட்டி நல்ல சான்று.

மேசையும் பந்தும் மட்டையும்

மேசையின் நீளம் 2.74 மீட்டர், அகலம் 1.525 மீட்டர், உயரம் 76 சென்டிமீட்டர். நடுவில் கட்டப்படும் வலையின் உயரம் 15.25 சென்டிமீட்டர்.

பந்தின் விட்டம் 40 மில்லிமீட்டர், எடை 2.7 கிராம். ஒரு ரூபாய் நாணயத்தைவிட அது இலேசானது. 2000-க்கு முன் பந்தின் விட்டம் 38 மில்லிமீட்டராக இருந்தது. பந்து மிக விரைவாகச் சென்றதால் பார்வையாளரால் ஆட்டத்தைத் தொடர இயலவில்லை. எனவே பந்து சற்றே பெரிதாக்கப்பட்டது. முன்பு எளிதில் தீப்பற்றும் செல்லுலாய்டால் பந்து செய்யப்பட்டது. 2014 முதல் பன்னாட்டுப் போட்டிகளில் நெகிழிப் பந்து பயன்படுகிறது. பொது மேசைகளில் பந்து காலடியில் சிக்கி நெளிவது வழக்கம். விரிசல் இல்லையெனில், பெரியவர் துணையுடன் வெந்நீரில் இட்டால் நெளிவு பெரும்பாலும் நிமிர்ந்துவிடும். விரிசல் விட்ட பந்தை ஓசையே காட்டிக்கொடுத்துவிடும்.

மட்டையின் ஒருபுறம் கறுப்பாகவும் மறுபுறம் வேறு பளிச்சிடும் நிறத்திலும் இருக்க வேண்டும். இதற்கும் காரணம் உண்டு. மட்டையின் இரு புறங்களிலும் தன்மை வேறுபட்ட ரப்பர்களை ஒரே நிறத்தில் ஒட்டிக்கொண்டு சிலர் ஆடினர். ஆட்டத்தின் நடுவே மட்டையைச் சுழற்றினால், பந்து எந்தப் புறத்தில் பட்டது என்பதை எதிராளி அறிய முடியாது. 1986 முதல் கறுப்பும் சிவப்பும் கட்டாயமாயின. அண்மைக் காலத்தில் சிவப்புக்கு மாற்றாகப் பச்சை, நீலம் போன்ற நிறங்களும் ஏற்கப்பட்டுள்ளன.

அடிப்படை விதிகள்

ஆட்டத்தைத் தொடங்கி வைக்கும் அடிக்குச் சர்வீஸ் என்று பெயர். விரித்த உள்ளங்கையில் பந்தை அசையாமல் வைக்க வேண்டும். சுழற்றாமல், நேர் மேலாகக் குறைந்தது 16 சென்டிமீட்டர் உயரம் எறிய வேண்டும். பந்து கீழிறங்கும்போதே அடிக்க வேண்டும். அது முதலில் தம் பக்கத்திலும் பின்னர் வலையைத் தாண்டி எதிராளியின் பக்கத்திலும் படவேண்டும். கையாலோ உடலாலோ பந்தை மறைத்தல் கூடாது என்னும் விதி 2002-இல் உறுதிப்படுத்தப்பட்டது. எதிராளியும் பந்தைப் பார்க்கும் உரிமை உடையவர் என்பதே அதன் பொருள். சர்வீஸ் வலையைத் தொட்டுக்கொண்டு சரியான இடத்தில் விழுந்தால் அது 'லெட்' ஆகும். அதற்குப் புள்ளி இல்லை. மீண்டும் சர்வீஸ் செய்ய வேண்டும்.

சர்வீஸுக்குப் பிறகு, பந்து தம் பக்கத்தில் ஒருமுறை பட்ட பின்னரே அதை அடிக்க வேண்டும். அடித்த பந்து எதிராளியின் பக்கத்தில் படவேண்டும். இடையில் வலையைத் தொட்டாலும் குற்றமில்லை. தம் பக்கத்தில் பந்து இருமுறை பட்டாலோ, அடித்த பந்து மேசையில் படாமல் வெளியே சென்றாலோ புள்ளி எதிராளிக்கு உரியது. மட்டை பிடிக்காத கை மேசைப் பரப்பில் பட்டாலும், மேசை நகர்ந்தாலும் அவ்வாறே. மட்டை பிடித்த கையில் மணிக்கட்டு முதல் விரல்கள் வரையிலான பகுதி மட்டையாகவே கொள்ளப்படும். எனவே பந்து விரலில் பட்டுச் சென்றாலும் அது செல்லும்.

மேசையின் மேல்விளிம்பில் பட்ட பந்து சரியானது. பக்கவாட்டில் பட்ட பந்து தவறானது. பொது மேசையில் மிகுதியான பூசல் எழுவது இவ்விளிம்பில்தான். பந்து யார் பக்கம் விழுந்ததோ அவர் கண்ணுக்கே அது தெளிவாகத் தெரியும். ஆகவே அவர் சொல்லை ஏற்பது நல்ல மரபு. தமக்குப் புள்ளி போனாலும் 'விளிம்பில் பட்டது' என்று சொல்பவரே நேர்மையான ஆட்டக்காரர். இருவருக்கும் ஐயம் இருப்பின் அப்புள்ளியை மீண்டும் ஆடலாம்.

முதலில் 11 புள்ளி பெறுபவர் ஒரு செட்டை வெல்வர். ஒவ்வொருவருக்கும் இரண்டு சர்வீஸ் வீதம் மாறி மாறி வரும். இருவரும் 10 புள்ளியில் நின்றால் அது 'டியூஸ்'. பிறகு சர்வீஸ் ஒவ்வொன்றாக மாறும். இரண்டு புள்ளி முந்துபவரே வெல்வர். 2001-க்கு முன் ஒரு செட்டுக்கு 21 புள்ளிகள் இருந்தன. புள்ளியைச் சொல்லும்போது சர்வீஸ் செய்பவரின் புள்ளியையே முதலில் சொல்ல வேண்டும். தமிழில் சொன்னாலும் மராத்தியில் சொன்னாலும் இம்முறை மாறாது. ஒவ்வொரு செட்டுக்குப் பின்னும் ஆட்டக்காரர்கள் பக்கம் மாறுவர். ஒருவர் முகத்தில் வெயிலோ விளக்கொளியோ படுமாயின், அத்தொல்லை இருவருக்கும் சமமாகப் பகிரப்படுகிறது.

இருவர் இருவராக ஆடும் இரட்டையர் ஆட்டத்தில் சர்வீஸ் வலப் பாதியிலிருந்து எதிரணியின் வலப் பாதிக்குக் குறுக்காகச் செல்ல வேண்டும். கூட்டாளிகள் இருவரும் மாறி மாறியே பந்தை அடிக்க வேண்டும். திறமை மிக்கவர் தாமே எல்லாப் பந்தையும் அடித்துவிட இவ்விதி இடம் தருவதில்லை.

சக்கர நாற்காலியில் அமர்ந்து ஆடுவோருக்கும் விதி துணைநிற்கிறது. அவர்களுக்கு அனுப்பப்படும் சர்வீஸ் மேசையின் பக்கவாட்டுக் கோட்டைக் கடந்து வெளியேறினால் அது 'லெட்' ஆகும். நாற்காலியை நகர்த்தி எட்ட முடியாத பந்தால் அவர்கள் தோற்கக் கூடாது என்பதே நோக்கம். குஜராத்தைச் சேர்ந்த பவினா பட்டேல் 2021-இல் டோக்கியோ பாராலிம்பிக்கில் வெள்ளிப் பதக்கம் வென்றார். அப்போட்டிகளில் மேசைப்பந்தில் இந்தியா பெற்ற முதல் பதக்கம் அது.

காத்திருப்போர் விதி

கூட்டமைப்பின் விதிநூலில் இல்லாத ஒரு விதி பொது மேசைக்குத் தேவைப்படுகிறது. அடுத்து யார் ஆடுவது?

வென்றவர் மேசையில் நிற்பது, தோற்றவர் விலகுவது என்பதே பல இடங்களில் வழக்கம். ஒரு மேசைக்கு எட்டுப் பேர் வந்துள்ளனர் என்று கொள்வோம். இருவர் ஆட, ஆறு பேர் காத்திருப்பர். ஒரு செட் முடிய 5 நிமிடம் ஆகுமாயின், தோற்றவர் வரிசையின் கடைசிக்குச் சென்று ஆறு செட் காத்திருக்க வேண்டும். அஃது அரை மணி நேரம். நன்கு ஆடுபவரோ மாலை முழுதும் மேசையிலேயே நிற்பார். புதிதாகக் கற்பவருக்கே பயிற்சி மிகுதியாகத் தேவை. ஆனால் இம்முறையில் அவருக்கே அது மிகக் குறைவாகக் கிடைக்கிறது.

செட் முடிந்ததும் இருவரும் விலகுவது என்று வைத்தால் காத்திருக்கும் நேரம் மூன்று செட், அதாவது 15 நிமிடம் ஆகும். இரட்டையர் ஆட்டமாக ஆடினால் நால்வர் ஆட நால்வர் காத்திருப்பர். காத்திருக்கும் நேரம் ஒரே செட், 5 நிமிடம். மேசை மாறவில்லை, ஆட்டக்காரரும் மாறவில்லை. விதி மாறியதால் அரை மணி ஐந்து நிமிடமாயிற்று.

அவ்விதியை இலண்டனிலிருந்தோ சியோலிலிருந்தோ எவரும் அனுப்பப் போவதில்லை. அம்மேசையில் ஆடுவோரே கூடிப் பேசி வகுக்க வேண்டும். அன்றுதான் குடிவந்த சிறுமிக்கும் மட்டை வாங்க இயலாத சிறுவனுக்கும் முறை வருமாறு வகுக்கப்படும் விதியே நல்ல விதி.

இரு நகர், ஒரு மேசை

தேசிய ஒற்றையர் பட்டத்தை எட்டு முறை வென்றவர் மும்பையைச் சேர்ந்த கமலேஷ் மேத்தா. அச்சாதனையைக் கடந்து பத்து முறை வென்றவர் சென்னையில் வளர்ந்த அசந்தா சரத் கமல். 2006-இல் மெல்போர்னில் காமன்வெல்த் ஒற்றையர் தங்கம் வென்ற அவர், 2022-இல் பர்மிங்காமில் தம் நாற்பதாம் வயதில் அதே பதக்கத்தை மீண்டும் வென்றார். சென்னையின் மற்றொரு வீரரான ஞா. சத்தியன் 2019-இல் உலகத் தரவரிசையின் முதல் 25 இடங்களுக்குள் நுழைந்த முதல் இந்தியர் ஆனார்.

சொற்பொருள்

கடற்கழி – நிலத்தினுள் நீண்டிருக்கும் கடல்நீர்ப் பகுதி
வாகையர் – வெற்றி பெற்றவர்
பூசல் – சண்டை, வாக்குவாதம்
இன்றியமையாதது – மிகத் தேவையானது
மரபு – வழிவழியாக வரும் வழக்கம்

பயிற்சி

1. 'பிங்பாங்' என்னும் பெயர் எவ்வாறு வந்தது?
2. 1952-இல் மும்பையில் நடந்த உலகப் போட்டியின் சிறப்புகள் இரண்டினை எழுதுக.
3. மட்டையின் இரு புறமும் வேறு வேறு நிறத்தில் இருக்க வேண்டும் என்பதற்குக் காரணம் யாது?
4. ஒரு மேசைக்குப் பன்னிருவர் வந்துள்ளனர். செட் முடிந்ததும் இருவரும் விலகும் முறையில், ஆடி முடித்த ஒருவர் எத்தனை செட் காத்திருக்க வேண்டும்? கணக்கிட்டு எழுதுக.
5. நும் குடியிருப்பில் பலரும் பகிர்ந்து பயன்படுத்தும் ஊஞ்சல், கேரம் பலகை, குழாய் ஆகியவற்றுள் ஒன்றைத் தேர்ந்து, அனைவருக்கும் முறை கிடைக்குமாறு மூன்று விதிகளை வகுத்து எழுதுக.