பிளாட்டினத்தின் வேலையை நிக்கல் செய்யுமா?

நிபோங் திபால்: நீரில் சிறிது சமையல் சோடாவைக் கரைத்து, 9 வோல்ட் பேட்டரியோடு இணைத்த இரண்டு பென்சில் கரிமுனைகளை அதில் வைத்தால் குமிழிகள் எழும். எதிர்முனையில் வருவது ஹைட்ரஜன். நேர்முனையில் வருவது ஆக்சிஜன். (உப்பு சேர்க்கக் கூடாது, நச்சுத்தன்மையுள்ள குளோரின் வரும்.) பைராம் தோட்டத் தமிழ்ப்பள்ளி போன்ற ஒரு பள்ளியின் அறிவியல் வகுப்பிலேயே, ஆசிரியர் துணையோடு செய்யக்கூடிய சோதனை இது.

எரித்தால் புகைக்குப் பதில் நீராவி தருவதால் ஹைட்ரஜனை நாளைய எரிபொருள் என்கிறார்கள். 2023 அக்டோபரில் மலேசிய அரசாங்கமும் இதற்கான செயல்திட்டத்தை வெளியிட்டது. தடையாக இருப்பது விலை.

கணக்குப்படி நீரைப் பிரிக்க 1.23 வோல்ட் போதும். தொழிற்சாலைகளில் 1.8 வோல்ட்டும் அதற்கு மேலும் தேவைப்படுகிறது. மிகுதி மின்சாரம் வெப்பமாக வீணாகிறது. ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு ஏறக்குறைய 50 யூனிட் மின்சாரம் செலவாகிறது. இந்த விரயத்தைக் குறைப்பதுதான் மின்முனையின் மேலுள்ள வினையூக்கியின் வேலை.

ஹைட்ரஜன் அணுவை மிக இறுக்கமாகப் பிடிக்கும் உலோகம் அதை விடாது. தளர்வாகப் பிடிப்பதில் அது ஒட்டாது. பிளாட்டினம் சரியான அளவில் பிடிக்கிறது. ஆனால் அதன் விலை அதிகம்.

நிக்கல் மலிவு, காரக் கரைசலில் அரிக்காது. அதன் வேகத்தைக் கூட்ட இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பரப்பைப் பெருக்குவது. எண்ணெயைக் கெட்டியாக்க அமெரிக்கரான மர்ரே ரானே 1920களில் கண்ட முறை இது: நிக்கலையும் அலுமினியத்தையும் உருக்கிக் கலந்து, காஸ்டிக் சோடாவால் அலுமினியத்தை மட்டும் கரைத்தால், பஞ்சுபோல் துளைகள் நிறைந்த நிக்கல் மிஞ்சும். மற்றொன்று, வேறு உலோகம் சேர்ப்பது: ஹைட்ரஜன் பக்கம் மாலிப்டினம், ஆக்சிஜன் பக்கம் இரும்பு.

தீராத சிக்கல் ஆயுள். சூரிய மின்சாரம் மாலையில் நின்றுவிடும். இயந்திரம் நின்று நின்று ஓடினால் வினையூக்கிப் பூச்சு சிதைகிறது.

இத்தகைய வினையூக்கிகளை ஆராயும் கூடங்களில் ஒன்று தமிழ்நாட்டின் காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வகம். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1953இல் அது திறக்கப்பட்டது. மலாயா ரப்பர் தோட்டங்களும் அவருடைய தொழில்களில் அடங்கும்.

நம் மாணவர்கள் இத்துறைக்கு வர வெகுதூரம் போக வேண்டியதில்லை. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகம் நிபோங் திபாலிலேயே உள்ளது. இரசாயனப் பொறியியலும் உலோகம் சார்ந்த பொருள் பொறியியலும் அங்கு உண்டு. படிவம் நான்கில் இரசாயனமும் இயற்பியலும் எடுப்பதே முதல் படி.