வரிசையில் நிற்கும் பிள்ளை

பெங்களூர் அல்சூர்ப் பகுதியில் ஞாயிறுதோறும் நம் பிள்ளைகளுக்கு சாஃப்ட்பால் சொல்லித்தரும் பெற்றோரில் நானும் ஒருத்தி. பயிற்சியாளர் பட்டம் எங்களில் எவருக்கும் இல்லை, கணக்கு தெரியும். 20 பிள்ளைகள் ஒரே வரிசையில் நின்றால், ஒரு மணி நேரத்தில் ஆளுக்கு 3 நிமிடம். மீதி 57 நிமிடமும் வேடிக்கைதான். அப்படி நின்று அலுத்த பிள்ளை மறுவாரம் வராது.

ஆகவே ஐந்தைந்து பேராக நான்கு குழு: எறிந்து பிடித்தல், தரையில் உருண்டுவரும் பந்தை எடுத்தல், மட்டையடி, ஓட்டம். 15 நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாற்றுவோம். 12 அங்குலச் சுற்றளவுள்ள பந்து சின்னக் கைக்கு அடங்காது. சிறுவர்களுக்கு டென்னிஸ் பந்தே போதும்.

குழுவுக்கு ஒரு பெரியவர் தேவை. மைதான ஓரத்தில் செய்தித்தாள் படிக்கும் அப்பாக்களே, அந்த ஒரு மணி நேரத்தைப் பிள்ளைகளுக்குத் தாருங்கள்!