மனிலாவில் பினோண்டோ

பிலிப்பைன் தீவுகளின் தலைநகராகிய மனிலா, பாசிக் என்னும் ஆற்றின் இரு கரையிலும் பரந்து கிடப்பது. நிருவாகத்தின் பொருட்டு அதனைப் பதினாறு பகுதிகளாக வகுத்திருக்கின்றனர். அவற்றுள் வடகரையிலுள்ள பினோண்டோ பரப்பால் சிறியது. ஏறக்குறைய ஒரு சதுர மைலில் காற்பங்கே. மேட்டுப்பாங்கான இடம் என்று பொருள்படும் தகாலச் சொல்லே இப்பெயராகத் திரிந்ததென்பர். இன்று காண்பார்க்கு மேடு புலப்படாது. கடைச்சரக்கே மலைபோற் குவிந்து கிடக்கும்.

ஸ்பானியர் 1571-இல் மனிலாவைத் தமதாக்கித் தென்கரையில் மதில் சூழ்ந்த நகர் ஒன்றை எடுத்தனர். மெக்ஸிக்கோவிலிருந்து கப்பலில் வந்த வெள்ளியைக் கொடுத்துச் சீனப் பட்டை வாங்கி விற்பதே அந்நகரின் வாழ்வு. பட்டோடு வந்த சீனர் வாணிகத்தோடு அமையாது, தச்சு, தையல், அடுமனை முதலிய தொழில்களையும் மேற்கொண்டனர். அவரின்றி ஸ்பானியர்க்கு ஒரு நாளும் கழியாது. ஆயினும் அவர் தொகை பெருகப் பெருக அச்சமும் பெருகிற்று. ஆதலின் அவரை மதிற்புறத்தே, கோட்டைப் பீரங்கிக்கு எட்டும் தொலைவில், பரியான் என்னும் பேட்டையில் ஒதுக்கி வைத்தனர்.

1594-இல் தேசாதிபதி லூயிஸ் பெரெஸ் தாஸ்மரினாஸ் என்பார் வடகரையில் நிலம் வாங்கி, ஞானஸ்நானம் பெற்ற சீனர்க்கு என்றென்றைக்கும் உரியதாக வழங்கினார். வரிவிலக்கும், தம் காரியங்களை ஒருவாறு தாமே நடத்திக்கொள்ளும் உரிமையும் உடன் கிடைத்தன. தொமினிக்க சபைக் குருமார் 1596-இல் ஆங்கு ஆலயம் நிறுவினர்.

நிலத்துக்காக மதம் ஏற்றனரோ, மதம் ஏற்றமையால் நிலம் பெற்றனரோ? நம் நாட்டுக் கிறிஸ்தவரும் கேட்டுப் பழகிய வினாவே இது. சோற்றுக்கு வந்தவர் என்னும் ஏச்சு நம் செவிக்குப் புதிதன்று. பினோண்டோவில் இருதிறத்தாரும் இருந்திருப்பர் என்றே கொள்கின்றோம். ஞானஸ்நானத்தை நிலச்சாசனத்தோடு பிணைத்தவர் ஸ்பானியர். அதன் இழுக்கும் கொடுத்தவரைச் சாருமேயன்றிக் கொண்டவரைச் சாராது. அவ்வூரிற் பிறந்த லொரென்சோ ரூயிஸ் என்பார் சரிதம் இதற்குத் தக்க சான்று. சீனத் தந்தைக்கும் தகாலத் தாய்க்கும் மகனாகித் தோன்றிய இவர், இளமையில் ஆலயத்தில் குருமார்க்கு ஏவல் செய்தவர். பின்னர் எழுத்தராய்ப் பிழைத்தவர். மனைவி மக்களுடன் வாழ்ந்தவர். கொலைக்குற்றம் ஒன்று தம்மீது சுமத்தப்படவே, 1636-இல் குருமார் சிலரோடு கப்பலேறி, கிறிஸ்து சமயத்தைக் கருவறுத்துக்கொண்டிருந்த ஜப்பானையே சென்றடைந்தார்! விசுவாசத்தை மறுத்தால் உயிர் பிழைக்கலாம் என்ற இடத்தும் அவர் மறுத்திலர். 1637-இல் நாகசாகியில் தலைகீழாகக் குழியுள் தொங்கவிடப்பட்டு உயிர் நீத்தார். 1987-இல் உரோமைச் சபை அவரைப் புனிதர் வரிசையில் சேர்த்தது. பிலிப்பைனருள் அப்பேறு பெற்ற முதல்வர் அவரே. தந்தையர் எக்காரணம்பற்றி ஞானஸ்நானம் பெற்றிருப்பினும், மகன் அதற்குக் கொடுத்த விலை வரிவிலக்கால் ஈடு செய்யத்தக்கதன்று.

தமிழ் பயிலும் நமக்கு இன்பந் தருவது வேறொன்றும் உண்டு. அத்தீவுகளின் முதல் அச்சுத்தொழிலாளருள் ஒருவராகிய ஹுவான் தெ வெரா கிறிஸ்தவச் சீனர்; 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பினோண்டோவில் நூல்கள் அச்சாயின. 1593-இல் மனிலாவில் மரப்பலகையிற் செதுக்கி அச்சிட்ட நூலும், 1578-இல் கொல்லத்தில் வெளிவந்த நம் தம்பிரான் வணக்கமும் ஒருங்கே ஞானோபதேச நூல்களாதல் காண்க.

காலப்போக்கில் சீனர்க்கும் தகாலப் பெண்டிர்க்கும் பிறந்த கலப்பினத்தார் பெருகினர். அவர்க்கெனத் தனிச் சங்கம் ஒன்று 1741-இல் ஏற்பட்டது. சீனர், கலப்பினத்தார், உள்நாட்டார் என மூவகையார்க்கும் மூன்று தலைவர். அடுத்தடுத்த வீட்டில் வாழ்வார் இருவர் வெவ்வேறு தலைவரின்கீழ் வெவ்வேறு அளவில் வரி செலுத்துவர். ஊரை நிலத்தாற் பிரியாது இரத்தத்தாற் பிரித்த ஆட்சி அது. சாதிக்கொரு நாட்டாண்மை கண்ட நமக்கு இது பெருவியப்பன்று.

1762-இல் மனிலாவைக் கைப்பற்றிய ஆங்கிலப் படை நம் சென்னையிலிருந்தே கப்பலேறியது. அதில் இந்தியச் சிப்பாய்களும் இருந்தனர். 1764-இல் படை மீண்டபொழுது அவருட் சிலர் திரும்பாது, மனிலாவுக்குக் கிழக்கேயுள்ள கைந்தா என்னும் ஊரிற் குடியேறினர். ஆங்கிலேயர்க்குத் துணைநின்ற சீனரோ ஸ்பானியரின் சினத்துக்கு இலக்காயினர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பினோண்டோ செல்வர் வாழும் இடமாயிற்று. ஹோசே ரிஸால் 1887-இல் வெளியிட்ட நோலி மெ தாங்கெரெ என்னும் புதினம் இங்குள்ள செல்வர் ஒருவர் மாளிகை விருந்தோடு தொடங்குவது. 1944-இல் அமெரிக்க விமானங்கள் பொழிந்த குண்டுகளால் ஆலயம் எரிந்தது. மதில்களும் எண்கோண மணிக்கூண்டுமே எஞ்சின. பிற்காலத்தில் மீளக் கட்டிய அவ்வாலயம் இன்று லொரென்சோவின் பெயரையும் தாங்கி நிற்கின்றது.

இப்பொழுது இப்பகுதி பத்துப் பரங்காய்களாகப் பகுக்கப்பட்டுள்ளது. பரங்காய் என்பது ஆட்சியின் மிகச் சிறிய கூறு. மரக்கலத்தின் பெயரே பண்டு அதிற் குடிபெயர்ந்து வந்த கூட்டத்துக்கு ஆகி, பின்னர் ஊர்ப்பிரிவுக்கும் ஆயிற்று. நன்னூல் கற்றார் இதனை ஆகுபெயர் என்பர். பெருந்தெருவாகிய ஒங்பின், ஸ்பானியரை எதிர்த்த கிளர்ச்சிக்குப் பொருளுதவிய வணிகர் ரோமன் ஒங்பின் பெயரால் வழங்குவது. அத்தெருவில் சிலுவை ஒன்றைத் தாங்கிய சிறு கோயில் உண்டு. அதன்முன் சீனர் ஊதுவத்தி கொளுத்திக் கைகுவித்து வணங்குவர். தகாலர் சிலுவைக் குறியிட்டு மெழுகுதிரி ஏற்றுவர். இரண்டையும் ஒருவரே செய்தலும் உண்டு.